வண்டி கவிழுறது எங்க மலையில, வரி போறது வேற மாகாணத்துக்கு

வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான் இது. முதல்ல புகை டெஸ்ட்டுக்கு கொண்டு போகணும், அங்க ஒரு பொடியன் சைலன்சருக்குள்ள குழாய விட்டுட்டு ரேஸ் பண்ணச் சொல்லுவான், கம்ப்யூட்டர்ல பாஸ்னு வந்தா ஒரு பேப்பர் கையில. பிறகு இன்சூரன்ஸ் பேப்பர். ரெண்டையும் தூக்கிக்கிட்டு டிஎஸ் ஒபிஸ்ல, அதான் பிரதேச செயலகத்துல, போய் நின்னா வருமான அனுமதிப் பத்திரம்னு ஒண்ணு அடிச்சுக் குடுப்பாங்க, நாம சும்மா லைசன்னும் வரின்னும் சொல்றது அதத்தான். இப்ப ஒன்லைன்லயும் எடுக்கலாம். எடுத்து கண்ணாடியில ஒட்டிட்டா அடுத்த வருஷம் ட்ராஃபிக் பொலிஸ் கை காட்டுற வரைக்கும் அந்த நெனப்பே வராது.

இந்தக் காசு எங்க போகுதுன்னு கேட்டா நெறைய பேர் கொழும்புக்குன்னுதான் சொல்லுவாங்க. புது வண்டி வாங்கி முதன்முதலா பதியுற காசு அப்படித்தான், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வாங்கிக்கிடும், அது மத்திய அரசாங்கம். ஆனா வருஷா வருஷம் கட்டுறது மாகாணத்துக்கு. 1987ல அரசியலமைப்புக்கு 13ம் திருத்தம் வந்தப்ப மாகாண சபைகளுக்குன்னு எழுதி வச்ச கொஞ்ச நஞ்ச வருமானத்துல வாகன லைசன் காசும் ஒண்ணு. நுவரெலியா, கண்டி, மாத்தளையில பதிஞ்ச வண்டின்னா மத்திய மாகாணம், பதுளைப் பக்கம்னா ஊவா, கொழும்பு கம்பஹான்னா மேல் மாகாணம். இதுல இன்னொரு கூத்து என்னன்னா மத்திய மாகாண சபையோட காலம் 2018 ஒக்டோபர்லயே முடிஞ்சிருச்சு, இத எழுதுற வரைக்கும் எலக்சன் வைக்கல, ஆளுநர வச்சே வண்டி ஓடுது. நம்ம வரிக்காசுல என்ன பண்ணீங்கன்னு சட்டையப் பிடிச்சு கேட்கிறதுக்கு நாம ஓட்டு போட்டு அனுப்பின ஆள் ஒருத்தர்கூட அங்க இல்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்த வரியோட சின்னதா ஒரு தொகைய சேர்த்து வாங்கி அத அம்புலன்ஸுக்குன்னே ஒதுக்கணும், ஒதுக்குறது மட்டுமில்ல, வண்டி எங்க பதிஞ்சிருக்குன்னு பார்க்காம ஆபத்து எங்க நடக்குது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு பார்த்து பிரிச்சுக் குடுக்கணும். முதல் பாதி புது யோசன இல்ல, வேற ஊர்ல பண்ணிக்கிட்டிருக்காங்க. ரெண்டாவது பாதிதான் மலையகத்துக்கு முக்கியம், அது இல்லாட்டி முதல் பாதியும் நமக்கு வேணாம்.

அமெரிக்காவுல வர்ஜீனியான்னு ஒரு மாநிலம் இருக்கு. அங்க வண்டி பதிவு பண்ணும்போது வண்டிக்கு 4.25 டாலர் அவசர மருத்துவ சேவைக்குன்னு சேர்த்து வாங்குறாங்க. ஒரே அடியா வந்ததில்ல அது, ஆரம்பத்துல ஒரு டாலர், பிறகு ரெண்டு, 2002ல நாலு, அதுக்கு மேல ஒரு 25 சதம் அம்புலன்ஸ்ல வேலை செய்றவங்க சர்ட்டிஃபிகட் எடுக்கிற செலவுக்கு. இதுல 26 வீதம் அந்த வண்டி எந்த ஊர்ல பதிஞ்சதோ அந்த ஊர் உள்ளூராட்சிக்கே திரும்பிப் போகணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. இன்னொரு 32 வீதம் உதவி நிதியமா இருக்கு, ஊர் ஊரா இருக்கிற மீட்புக் குழுக்கள் புது அம்புலன்ஸ் வேணும், மெஷின் வேணும்னு எழுதிப் போட்டு வாங்கிக்கலாம். அந்த மாநிலத்துக்கு இதுல ஒரு பழைய கதையும் இருக்கு, ப்ளூ ரிட்ஜ் மலைப்பக்கம் ரோனோக்னு ஒரு ரயில்வே டவுன், அங்க ஜூலியன் வைஸ்னு ஒருத்தர் சின்ன வயசுல ஆத்துல ரெண்டு பேர் மூழ்கினத கரையில நின்னு பார்த்திருக்கார், காப்பாத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல. பெரியாளாகி ரயில்வேல வேலைக்குப் போனதுக்குப் பிறகு 1928ல கூட வேலை செஞ்சவங்கள சேர்த்துக்கிட்டு ஒரு தொண்டர் உயிர்காப்புக் குழு ஆரம்பிச்சார். அந்த மாதிரி குழுக்கள் பெருகின மாநிலம்கிறதாலதான் வண்டிக்காரங்ககிட்ட ஒரு டாலர் கேட்டப்ப ஜனங்க பெருசா சத்தம் போடலயோன்னு நான் நெனக்கிறேன்.

பக்கத்துல மேரிலாண்ட். அங்க இதே மாதிரி வாங்குற காசுலதான் ஹெலிகொப்டர் அம்புலன்ஸே ஓடுது. காசு பத்தாமப் போய் 17 டாலரா இருந்தத 2024ல 40 ஆக்கினாங்க. ஹெலிகொப்டர் நமக்கு வேணாம், மூடுபனியில அது எங்க இறங்கப் போகுது.

நம்மகிட்ட இருக்கிறது 1990, அந்த நம்பருக்கு அடிச்சா வர்ற அம்புலன்ஸ். பேரு சுவசெரிய. இந்த நாட்டுல அரசாங்கம் பண்ணின வேலைகள்ல எனக்கு மனசார பிடிச்ச ஒண்ணு ரெண்டுல இதுவும் இருக்கு. 2016 ஜூலையில மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் 88 வண்டியோட தொடங்கினது, இந்தியா குடுத்த 76 லட்சம் டாலர்ல, அங்க 108 ஓட்டுற அதே நிறுவனம்தான் இங்கயும் ஆரம்பிச்சு வச்சது. அப்ப இது வெளிநாட்டுக்காரன் உள்ள வர்றதுக்கு வழின்னெல்லாம் பேசினவங்க இருக்காங்க, பேசினவங்க வீட்டுக்கும் பிறகு அதே வண்டி போயிருக்கும். 2017 மே 12ம் திகதி மோடி நோர்வூட்டுக்கு வந்தாரே, டிக்கோயாவுல 150 கட்டில் ஆஸ்பத்திரிய திறந்து வச்சிட்டு க்ரவுண்டுல பேசினாரே, அந்தப் பேச்சுலதான் இந்த அம்புலன்ஸ மத்த மாகாணங்களுக்கும் கொண்டு போறோம்னு சொன்னார். நம்மாளுங்களுக்கு அன்னைக்கு அவர் சொன்ன 10,000 வீடுதான் காதுல விழுந்துச்சு, அதுவும் நியாயம்தான், லயத்துல, அந்தத் தோட்டத்து வரிசை அறையில, இருக்கவனுக்கு முதல்ல வீடு. பிறகு இன்னொரு 209 வண்டி வந்து மொத்தம் 297 ஆச்சு, 2018ல தனியா ஒரு சட்டம் போட்டு மன்றமும் ஆக்கிட்டாங்க. ஃபோன் பண்ணினா காசு இல்ல, வண்டிக்கும் காசு இல்ல. உள்ள முதலுதவிக்குப் படிச்ச ஒருத்தர் இருப்பார், ஓட்டுற ஆள பைலட்னு சொல்லுவாங்க.

வண்டி இனாமா கிடைக்கும், ஓட்டுறதுக்கு யார் குடுப்பா? டயர், ப்ரேக், டீசல், ஒக்சிஜன், சம்பளம். இந்த ஊர் ஏத்தத்துலயும் இறக்கத்துலயும் ஓடுற வண்டிக்கு ப்ரேக் லைனிங் எவ்வளவு சீக்கிரம் போகும்னு ஹட்டன்ல எந்த கராஜ்ல கேட்டாலும் சொல்லுவாங்க. அதுவும் 2022 மாதிரி ஒரு வருஷம் வந்தா கதை முடிஞ்சது, டீசலும் இல்ல, ஸ்பெயார் பார்ட்ஸும் இல்ல, திறைசேரியே கையேந்தி நிக்கிறப்ப அம்புலன்ஸுக்கு எங்க இருந்து வரும். அதனாலதான் வருஷா வருஷம் நிச்சயமா வர்ற ஒரு காசு வேணும்னு சொல்றேன். பட்ஜட்ல யாராவது மனசு வச்சா வரும்கிற காசு வேற, வண்டி ரோட்டுல ஓடுற வரைக்கும் தானா வர்ற காசு வேற.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுல பதிவுல இருக்கிற வண்டி 80 லட்சத்துக்கு மேல, அதுல துருப்பிடிச்சு வீட்டுக்குப் பின்னால கிடக்கிறதும் நெறைய. பாதிதான் ஒழுங்கா வரி கட்டுதுன்னு வச்சிக்குவோம், 40 லட்சம். வண்டிக்கு சராசரி 250 ரூபா. 100 கோடி ரூபா வருது. 297 அம்புலன்ஸுக்கு பிரிச்சா வண்டி ஒண்ணுக்கு வருஷத்துக்கு 33 லட்சத்துக்கு மேல. முழுச் செலவுக்கும் இது போதும்னு நான் சொல்லல, ஆனா 250 ரூபா என்ன காசு, டவுன்ல ரெண்டு பேர் வடையும் டீயும் குடிச்சா முடிஞ்சிரும். அதையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கக்கூடாது. பைக்குக்கு 100, காருக்கு 500, பெரிய பெரிய ஜீப்புக்கு 2,000 கூட வாங்கலாம். வர்ஜீனியாவுல எல்லா வண்டிக்கும் ஒரே காசு, அது எனக்குப் பிடிக்கல. 2025 பெப்ரவரியில வாகன இறக்குமதிய திறந்து விட்டதுல இருந்து புது ஜீப் எத்தன இறங்குதுன்னு நுவரெலியா ரோட்டுல நின்னு பார்த்தாலே தெரியும், அத முதன்முதலா பதியும்போதே ஒரு தடவ நல்லா வாங்கிக்கலாம், கோடிக்கணக்குல குடுத்து ஜீப் எடுக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, இப்ப பிரிக்கிற கதைக்கு வருவோம்.

2023 ஜனவரி 20ம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு ரோட். கொழும்பு ஸ்கூல் ஒண்ணுல இருந்து சுற்றுலா வந்த பஸ் திரும்பி இறங்கும்போது ஒரு வானையும் ஆட்டோவையும் அடிச்சுச்சு. 7 பேர் செத்தாங்க, வான்லயும் ஆட்டோவுலயும் போன நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்க. 2025 மே 11ம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல, கதிர்காமத்துல இருந்து குருநாகலுக்குப் போன பஸ் பள்ளத்துல, 20 பேருக்கு மேல. அதே வருஷம் செப்டம்பர் 4ம் திகதி ராத்திரி எல்ல வெல்லவாய ரோட்டுல தங்காலை நகர சபையில வேலை செய்றவங்க டூர் வந்த பஸ், 15 பேர். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. ஒண்ணு கொழும்பு, ஒண்ணு கதிர்காமத்துல இருந்து குருநாகல், ஒண்ணு தங்காலை. ஒண்ணுகூட இந்த மலையில இருந்து கிளம்பின பஸ் இல்ல. ஆனா கயித்தக் கட்டி பள்ளத்துல இறங்கினது யார், ரத்தம் குடுக்க ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையில நின்னது யார், எந்த ஆஸ்பத்திரி தியேட்டர் விடிய விடிய ஓடுச்சு?

இப்ப வர்ஜீனியாக்காரன் மாதிரி 'வண்டி பதிஞ்ச ஊருக்கே 26 வீதம்'னு இங்க சட்டம் கொண்டு வந்தா என்ன நடக்கும்னு யோசிங்க. மேல் மாகாணம் அள்ளிக்கிட்டுப் போயிரும். வண்டி அங்கதான் கூட, ஆஸ்பத்திரியும் அங்கதான் பக்கம் பக்கமா. நம்ம டவுன்லயே ஓடுற வான்ல, லொறியில நெறையத்துக்கு டபிள்யூபி நம்பர்தான், மேல் மாகாணப் பதிவுன்னு அர்த்தம், கொழும்புல வாங்கினது, கம்பெனி பேர்ல இருக்கிறது, அப்படியே ஓடுது. தோட்டக் கம்பெனிகளோட ஹெட் ஒபிஸும் கொழும்புல. டிசம்பர் பௌர்ணமியில சிவனொளிபாத மலை சீசன் தொடங்கினா வெசாக் வரைக்கும் நல்லதண்ணி ரோட்டுல பஸ்ஸும் வானும் நாடு பூரா இருந்து வந்து குவியும், ஏப்ரல்ல நுவரெலியா வசந்த காலம், ஹோர்ஸ் ரேஸ், அப்ப ரோட்ட குறுக்க கடக்கவே முடியாது. இவங்க எல்லாரோட வரியும் அவங்கவங்க மாகாணத்துக்கு, இவங்க எல்லாரோட நெஞ்சு வலியும் கவிழுற வண்டியும் எங்க ஆஸ்பத்திரிக்கு.

அதனால பிரிக்கிற கணக்குல வண்டி எண்ணிக்கை இருக்கவே கூடாதுங்கிறது என் கட்சி. ஃபோன் வந்த நேரத்துல இருந்து ஆள் கிட்ட அம்புலன்ஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறது 1990ல பதிவாகுற விஷயம்தானே, எந்தப் பிரதேசத்துல அந்த நேரம் கூடவோ அங்க காசு கூட. பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்கிறதும் சேரணும். சீசன்ல வெளி வண்டி எவ்வளவு வருதுங்கிறதும்.

தூரம்னு சும்மா சொல்லிட்டேன், அத கொஞ்சம் விளக்கணும். எங்க பெரியம்மா மகள் அக்கா ஒருத்தங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. ஒருநாள் மலையில நிக்கும்போது குளவி கிளம்பிருச்சு, மரத்துல இருந்த கூட்ட பருந்து தட்டிச்சோ காத்து தட்டிச்சோ தெரியல. மத்தவங்க கூடைய போட்டுட்டு இடுப்புல கட்டியிருந்த படங்குச் சீலைய தலையில போத்திக்கிட்டு ஓடிட்டாங்க, அக்கா கால் சறுக்கி கானுக்குள்ள விழுந்துட்டாங்க, தலையிலயும் கழுத்துலயும் நல்லா கொட்டிருச்சு. கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி கண்ணு மூடி மூச்சு இழுக்குது. குளவிக் கொட்டுல சில பேருக்கு வலி மட்டும்தான், சில பேருக்கு இப்படி ஆகும், அவங்களுக்கு நிமிஷக்கணக்குல ஊசி போட்டாகணும், தொடையில போடுற அட்ரினலின், பொழுது சாயட்டும்னு காத்திருக்க ஏலாது. கூட வேலை செஞ்ச பொடியன் 1990க்கு அடிச்சான். எடுத்தவங்க நல்லாத்தான் கேட்டாங்க, எந்த ரோட், பக்கத்துல என்ன இருக்குன்னு. தோட்டத்துக்கு மெப்புல ஒரு பேரு, நாங்க சொல்றது ஒரு பேரு, தோட்டத்தோட மேல் பிரிவு, டிவிஷன்னு சொல்வோம், அதுக்கு இன்னொரு பேரு, கடைசியில கோயிலையும் ஃபெக்டரியையும் சொல்லி ஒரு மாதிரி விளங்க வச்சான். ஆனா அம்புலன்ஸ் மெயின் ரோட் சந்தி வரைக்கும்தான் வர ஏலும். அதுக்கு மேல டிவிஷனுக்குப் போற ரோட்டுல தார்னு ஒண்ணு எப்பவோ இருந்த அடையாளம் மட்டும்தான் இருக்கு, நடுவுல பாலத்தடியில ஒரு பக்கம் மண்ணு சரிஞ்சு பெரிய வண்டி போனா ஆத்துக்குள்ளதான்.

அதனால ஆட்டோ. அக்காவ பின் சீட்டுல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார வச்சு, படுக்க வச்சா மூச்சு அடைக்குதுன்னு ஒருத்தர் முதுக பிடிச்சிக்கிட்டு, சைட் படங்க சுருட்டிக் கட்டி முகத்த வெளிய காத்துல வச்சிக்கிட்டே கொண்டு வந்தாங்க. சந்தியில ஒரு ஸ்கூல் பிள்ளை கடைக்காரர்கிட்ட வாங்கின சிவப்பு குடைய விரிச்சு ஆட்டிக்கிட்டு நின்னுச்சு, அம்புலன்ஸ்காரங்க தாண்டிப் போயிறக்கூடாதுன்னு. உள்ள ஏத்தினதும் ஒக்சிஜன் மாஸ்க் போட்டு, போட வேண்டிய ஊசியப் போட்டு, அக்கா பிழைச்சிட்டாங்க. இப்பவும் மலைக்குப் போறாங்க, குளவி கிளம்பின அந்த இடத்துப் பக்கம் மட்டும் போக மாட்டேங்கிறாங்க.

சந்தியில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போன நேரத்த விட லயத்துல இருந்து சந்திக்கு வந்த நேரம் கூட. இதத்தான் நான் தூரம்னு சொல்றது, கிலோமீட்டர் கல்லுல இது இருக்காது. அந்த ரோட் தோட்டத்தோடது, தோட்டம் கம்பெனியோட குத்தகை, நிலம் அரசாங்கத்தோடது, யாரக் கேட்டாலும் அடுத்த ஆளக் கை காட்டுவாங்க. 1987 பிரதேச சபைச் சட்டத்துல தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க வழியே இல்லாம இருந்து, 2018லதான் அதத் திருத்தினாங்க. அதே வருஷம்தான் அம்பகமுவ சபையப் பிரிச்சு நோர்வூட், மஸ்கெலியான்னு சபை வந்தது, நுவரெலியா சபையப் பிரிச்சு கொட்டகலை, அக்கரபத்தனைன்னு வந்தது. சபை வந்துச்சு, அதிகாரம் வந்துச்சு, காசு? பேரு பலகைக்கும் தலைவர் கதிரைக்கும் சரியாப் போச்சு. 1885ல நானுஓயா வரைக்கும் ரயில் போட்டாங்க வெள்ளைக்காரங்க, கொழுந்தும் கோப்பியும் கீழ இறங்குறதுக்கு எவ்வளவு அவசரம் பாருங்க, ஆள் இறங்குறதுக்கு இன்னமும் தோட்டத்து லொறியும் ஆட்டோவும்தான். எங்க அப்பா காலத்துல கம்பளியில கட்டி ரெண்டு பக்கமும் கம்பு குத்தி தூக்கிக்கிட்டு இறங்குவாங்களாம். மழை காலத்துல ரோட் சரிஞ்ச இடத்துல இப்பவும் அதேதான், டித்வா புயல் நேரம் அதையும் பார்த்தோம்.

வர்ற காசுல ஒரு பங்கு அந்தந்த பிரதேச சபைக்குப் போகணும், அம்புலன்ஸ் திரும்ப இடமில்லாத வளைவு, சரிஞ்ச பாலம், சந்தியில டிவிஷன் பேர எழுதின ஒரு போர்ட், இத மட்டும் செய்யணும்னு கட்டி வச்சிக் குடுக்கணும். அம்புலன்ஸ் நிதியில ரோட் போடுறதாவான்னு கேட்பாங்க. ஆமா, அந்தப் பாலம் இல்லாட்டி அந்த லயத்துக்கு 1990ன்னு ஒண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொண்ணு ட்ரான்ஸ்பர். சுவசெரிய சம்பவம் நடந்த இடத்துல இருந்து பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்து விடும், அதோட அவங்க வேலை முடிஞ்சிரும். அங்க இருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பணும்னா ஆஸ்பத்திரியோட சொந்த அம்புலன்ஸ், அது வேற ஆளோட போயிருந்தா வர்ற வரைக்கும் வாட்டுல இருக்க வேண்டியதுதான். கினிகத்தேனை இறக்கத்துல பனி மூடின ராத்திரி ஒரு அம்புலன்ஸ் கண்டிக்குப் போய் திரும்பி வர எவ்வளவு நேரமாகும்னு அந்த ரோட்டுல ஓட்டினவங்களக் கேளுங்க. மாகாணத்துக்குப் போற வரியில இருந்து மாகாண ஆஸ்பத்திரிக்கு இன்னொரு அம்புலன்ஸும் ட்ரைவரும் குடுக்கிறதுக்கு புதுச் சட்டம்கூட தேவைப்படாதுன்னு நெனக்கிறேன், மனசு இருந்தா போதும்.

காசு ஒதுக்கினா ஒதுக்கின இடத்துக்குப் போகுமான்னு ஒரு கேள்வி இருக்கே, தேயிலைக்காரங்க நமக்கு அத யாரும் சொல்லித் தர வேணாம். 2010ல இருந்து ஏற்றுமதி ஆகுற தேயிலையில கிலோவுக்கு 3.50 ரூபா பிடிச்சாங்க, சிலோன் டீய உலகம் பூரா விளம்பரம் பண்ணப் போறோம்னு. கோடிக்கணக்குல சேர்ந்துச்சு, விளம்பரம் வருஷக்கணக்கா வரல, கட்டினவங்க எங்க காசு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வர்ஜீனியாவும் ஒண்ணும் சுத்தமில்ல, இந்த நிதியப் பார்த்துக்கிற மாநில ஒபிஸ்ல இருந்த ஒரு பெரிய அதிகாரி 40 லட்சம் டாலருக்கு மேல கையாடினத 2024ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார். தனி நிதியம்னு பேர் வச்சா மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி ஆகாது. லைசன் பத்திரத்துலயே ஒரு வரி அடிச்சு வரணும், இதுல இவ்வளவு அம்புலன்ஸுக்குன்னு. அந்தந்த டிஎஸ் ஒபிஸ் சுவர்ல, போன வருஷம் இந்தப் பிரதேசத்துக்கு இவ்வளவு வந்துச்சு, இவ்வளவு டயர், இவ்வளவு சம்பளம், இந்தப் பாலம்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒட்டணும். வரி கட்ட வர்றவன் வரிசையில சும்மாதானே நிக்கிறான், வாசிப்பான்.

இதெல்லாம் சந்தி ஆட்டோ ஸ்டேண்டுல சொல்லிக்கிட்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினாங்க, மூத்த அண்ணன் ஒருத்தர் மட்டும் வெத்தலைய ஓரமா ஒதுக்கிக்கிட்டு கேட்டார்.

"ஏன் தம்பி, ராத்திரி 2 மணிக்கு பிரசவ வலின்னு தட்டுறது எங்க வீட்டுக் கதவு. நெஞ்சு வலின்னா நாங்க, குளவின்னா நாங்க. பாதி பேருக்கிட்ட காசு கேட்கவே வாய் வராது. அம்புலன்ஸா ஓடுறவங்ககிட்டயே அம்புலன்ஸ் வரியும் வாங்கப் போறியா?"

அவர் சொல்றதுல ஒரு எழுத்து தப்பில்ல. 2022ல பெட்ரோல் தட்டுப்பாட்டுல க்யூஆர் கோட் அடிச்சு அளந்து குடுத்த நேரம் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர், இவர் அதுல ஒரு லீட்டர சோடா போத்தல்ல ஊத்தி வீட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருப்பார், ஹயர் போறதுக்கில்ல, ராத்திரி யாராவது வந்து தட்டினா இறக்குறதுக்கு. அவர் வீட்டு அக்கா அதுக்கு எவ்வளவு ஏசியிருப்பாங்க தெரியுமா, வீட்டுல பெட்ரோல் வச்சிருக்கியேன்னு.

அதனால இந்த மலையில அம்புலன்ஸ் நிதின்னா அதுல ஆட்டோவுக்கும் இடம் இருக்கணும். தோட்ட டிவிஷனுக்கு ரெண்டு மூணு ஆட்டோ பேர் குடுக்கட்டும், அவங்களுக்கு முதலுதவி சொல்லிக் குடுங்க, கழுத்து அடிபட்ட ஆள எப்படித் தூக்கக்கூடாது, ரத்தம் போறப்ப எங்க அமுக்கணும், மூச்சு இழுக்கிறவங்கள எப்படி உட்கார வைக்கணும்னு. 1990க்கு ஃபோன் போனா அந்த ஆட்டோவுக்கும் ஒரு கோல் போகட்டும், இவர் மேல இருந்து இறங்க, அம்புலன்ஸ் கீழ இருந்து ஏற, சந்தியில மாத்திக்கலாம். இப்பவும் அதுதான் நடக்குது, யாரும் கணக்குல எழுதல, அவ்வளவுதான். அப்படி பேர் குடுத்த ஆட்டோவுக்கு அந்த வரி வேணாம், ஓடின ஓட்டத்துக்கு பெட்ரோல் காசும் குடுக்கணும்.

"யார் கையால வரும் அந்தக் காசு?"ன்னார் அண்ணன். "தோட்டத்து ஒபிஸ் வழியா வந்தா எனக்கு வேணாம். தோட்டத் தலைவர் வழியா வந்தாலும் வேணாம்."

ஆஸ்பத்திரியில ஆள சேர்க்கிறதுக்கு டிக்கட் வெட்டும்போது நேரம் எழுதுறாங்க தானே, அதுலயே ஆட்டோ நம்பரயும் எழுதி சீல் குத்திக் குடுத்தா போதும், சந்தியில அம்புலன்ஸுக்கு மாத்தினா அவங்க ஒரு துண்டு எழுதிக் குடுக்கட்டும், மாசக் கடைசியில பிரதேச சபையில காட்டினா காசு, கொழும்புக்கு ஃபைல் போக வேண்டியதே இல்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அப்ப சீட்டு கழுவுற காசு?"

அதையும் சேர்த்துத்தான் எழுதணும் அண்ணேன்னேன். ரத்தமும் வாந்தியுமா ஊறின சீட்ட காய வைக்கிறதுக்கு ஒரு நாள் ஹயர் போயிருது அவருக்கு, மழை காலம்னா ரெண்டு நாள்.